சாவி என்னிடம் இருந்த மாதங்கள்

எங்கள் குடும்பத்தில் நடந்தவற்றை ஆண்டுவாரியாகச் சொல்லச் சொன்னால், ஏரி நிரம்பிய ஆண்டுகளையும் கல்யாணங்களையும் சாவுகளையும் வரிசை தப்பாமல் சொல்லிவிடுவேன். பெருமையாக ஒன்றைச் சொல்லச் சொன்னால், ஒரு புரட்டாசிச் செவ்வாய்க்கிழமையைச் சொல்வேன். அன்று சாயங்காலம் என் மனைவி தன் வேன் சாவியைக் கொண்டுவந்து என் கையில் வைத்தாள். போலீஸ்காரர் கேட்கவில்லை, டாக்டர் கேட்கவில்லை, அவள் வண்டியில் வேலைக்குப் போகும் பெண்களில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. ஊரே அவளை ஓட்டச் சொன்னது. அவள்தான் வேண்டாம் என்றாள்.

நான் செங்கல்பட்டில் பத்திரம் எழுதுகிறவன். நான்கு எல்லைகளையும் தேதியையும் தப்பில்லாமல் எழுதுவது என் பிழைப்பு. மிச்ச நேரத்தில் கொளவாய் ஏரி எந்தெந்த ஆண்டில் நிரம்பிக் கலங்கல் வழிந்தது, பழைய பாதை எந்த வழியாகப் பாலாற்றைக் கடந்தது என்று விசாரித்துச் சேர்த்து வைப்பேன். இதில் எதற்கும் வண்டி ஓட்டத் தெரிய வேண்டியதில்லை. எனக்குத் தெரியவும் தெரியாது. சைக்கிளோடு என் வாகனத் திறமை முடிந்துவிட்டது.

மனைவி அதற்கு நேர் எதிர். அவளுடைய அப்பா மாமல்லபுரத்தில் சிற்பக்கூடங்களுக்குக் கல் ஏற்றி வந்த லாரி ஓட்டுநர். பிறந்த வீட்டில் அவள் நடக்கக் கற்றதற்கும் கியர் போடக் கற்றதற்கும் இடைவெளி அதிகமில்லை என்று சொல்வார்கள். செங்கல்பட்டுக்கும் திருக்கழுக்குன்றத்துக்கும் நடுவில் இருக்கும் எங்கள் ஊருக்கு அவள் வாழ வந்தபோது எங்கள் வீட்டில் இருந்தது ஏர் மாடும் பம்புசெட்டும்தான். சிங்கப்பெருமாள் கோயில் என்ற ஊரைத் தாண்டித் தொழிற்சாலைகள் வரிசையாக வந்து, எங்கள் பக்கத்துப் பெண்கள் வேலைக்குப் போகத் தொடங்கியபோது, அவர்களை ஏற்றிப் போக ஒரு வேன் வாங்கலாம் என்று சொன்னவள் அவள். யார் ஓட்டுவது என்று என் அண்ணன் கேட்டார். "ஏன், நான் சும்மாவா கீறேன்?" என்றாள். அன்றிலிருந்து காலை ஷிப்டுக்கும் மாலை ஷிப்டுக்கும் எங்கள் ஊர்ப் பெண்களும் பக்கத்து ஊர்ப் பெண்களும் அவள் வண்டியில்தான் போய்வருகிறார்கள். டீக்கடையில் என்னைப் பார்த்தால், "இன்னா அண்ணாத்த, அண்ணி வண்டி ஓட்டுது, நீ டிக்கெட் கிழிக்கிறியா?" என்பார்கள். அந்தக் கிண்டல் எனக்குப் பிடிக்கும். டிக்கெட் கிழிக்கத்தான் எனக்குச் சரியாக வரும் என்று பதில் சொல்வேன்.

சாவி கைமாறிய அந்த ஆண்டு மாசியில் அவள் அப்பா இறந்தார். மாமல்லபுரத்தை ஒட்டிய அவர் வீட்டு வாசலில், சவுக்குத் தோப்பிலிருந்து காற்று வீசிக்கொண்டே இருந்த ஒரு பகல். பெண்கள் எல்லாம் கட்டிப்பிடித்து அழுதார்கள். அவளும் அழுதாள், தொண்டை கம்மியது, தோள் குலுங்கியது, ஆனால் கண்ணிலிருந்து ஒரு சொட்டு வரவில்லை. கண் சிவந்து மணல் விழுந்ததுபோல் உறுத்திக்கொண்டே இருந்தது. நடுநடுவில் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். அவளுடைய அத்தை, இறந்தவருடைய அக்கா, இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கல்லு லாரி ஓட்னவன் பொண்ணு, கல்லாட்டம் குந்திகினு கீறா பாரு," என்றார் பக்கத்தில் இருந்தவரிடம், எல்லோருக்கும் கேட்கும்படி. "அப்பன் பொணமா கெடக்கறான், இவளுக்குத் தாகம் எடுக்குது."

என் மனைவி வாய்த்துடுக்குக்காரி. அன்று அத்தைக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். வீட்டுக்குத் திரும்பும் வழியில் வண்டியை ஓட்டிக்கொண்டே, "எனக்கே தெரியலய்யா. உள்ள பொங்குது, வெளிய வரல," என்றாள். அவள் எங்கே போனாலும் தண்ணீர் பாட்டில் கொண்டுபோவதும், முறுக்கையோ பொரியையோ தண்ணீர் இல்லாமல் விழுங்க முடியாமல் தவிப்பதும் எங்களுக்குப் பழகிப்போன காட்சிகள். ஒவ்வொருவருக்கும் ஒரு வழக்கம் என்றுதான் எடுத்துக்கொண்டிருந்தோம்.

அடுத்தது ஆடி. மூன்றாம் ஞாயிறு எங்கள் ஊர் அம்மனுக்குக் கூழ் ஊற்றுவோம். என் அண்ணன் கோயில் குழுவில் இருப்பவர். அன்று முழுக்க அவருக்குக் கால் தரையில் படாது. மனைவிக்கு ஆடியில் சாமி வருவது புதிதல்ல. எங்கள் வீட்டுக்கு வந்த இரண்டாம் ஆடியிலேயே வந்திருக்கிறது. மேளம் ஏறும், அவள் உடம்பு மெல்ல ஆடத் தொடங்கும், கொண்டை அவிழும், குறி சொல்வாள், கற்பூரம் காட்டியதும் தணிவாள். ஊரில் அவள் சாமிக்கு மரியாதை உண்டு.

அந்த ஆண்டு பாற்குடத்தோடு வரிசையில் நின்றிருந்தாள். ஆட்டம் எதுவும் இல்லை. நின்றவள் நின்றபடியே சாய்ந்தாள். குடம் உருண்டு பால் மண்ணில் ஓடியது. முகம் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்துக் கிடந்தது. நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போவதற்குள் பூசாரி மஞ்சள் தண்ணீர் தெளித்து வேப்பிலையால் வீசிக்கொண்டிருந்தார். மேளக்காரர்கள் ஓடிவந்து அவள் காதருகில் நின்று அடித்தார்கள். வெளுத்த முகம் ஒரே மூச்சில் சிவந்தது, கண் திறந்தாள்.

"தாயே, வந்துட்டியா! இன்னா வேணும், சொல்லும்மா!" என்று அண்ணன் கை குவித்தார்.

"தண்ணி," என்றாள்.

கூட்டம் குலவையிட்டது. அம்மன் தண்ணீர் கேட்கிறாள், மழை வரப்போகிறது என்று முடிவாயிற்று. யாரோ தங்கள் மகனுக்குப் பெண் எப்போது அமையும் என்றுகூடக் கேட்டார்கள். அவள் மறுபடியும் "தண்ணி, தண்ணி," என்றாள். அந்த வாரமே மழை பெய்தது. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் எங்கள் பக்கம் மாலையில் இடியோடு மழை பெய்வது சாதாரணம் என்று நான் பழைய ஆண்டுகளை எடுத்துச் சொன்னேன். யாரும் கேட்பதாக இல்லை. "அம்மனே ஓட்ற வண்டி, தெரியும் இல்ல?" என்று அண்ணன் போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். மனைவி மட்டும், "வெயிலு, வெறும் வயிறு," என்று இரண்டு வார்த்தையில் முடித்துவிட்டாள்.

புரட்டாசிச் செவ்வாய்க்கு வருகிறேன். காலை ஷிப்டுப் பெண்களை இறக்கிவிட்டுத் திரும்பும்போது, சிங்கப்பெருமாள் கோயிலில் வழக்கமாக நாஸ்தா சாப்பிடும் கடை வாசலில் வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டுக் கீழே இறங்கியிருக்கிறாள். இரண்டு அடி வைத்ததும் விழுந்துவிட்டாள். கடைக்காரர் முகத்தில் தண்ணீர் அடித்ததும் எழுந்து உட்கார்ந்திருக்கிறாள். கன்னத்தில் சிராய்ப்பு. ஸ்டீயரிங்கைத் தான் தொடாமல், பக்கத்து ஊர்க்காரர் ஒருவரைப் போனில் அழைத்து ஓட்டிவரச் செய்து, அவர் பக்கத்தில் உட்கார்ந்து வந்தாள். அவள் இன்னொருவர் பக்கத்தில் உட்கார்ந்து வந்ததை ஊர் அன்றுதான் பார்த்தது.

சாயங்காலம் வீட்டில் அண்ணன் இருந்தார். அம்மனுக்கு ஏதோ வேண்டுதல் பாக்கி, அதனால்தான் வழியில் வந்து நிற்கிறாள் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தபோது அவள் உள்ளேயிருந்து வந்து சாவியை என் கையில் வைத்தாள்.

"புடி. இனிமே நான் தொடறதா இல்ல."

"இன்னாம்மா இது?" அண்ணன் எழுந்துவிட்டார். "அம்மா வர்றது ஒரு குத்தமா? ஓட்றப்ப அவ வர மாட்டா. அவளுக்குத் தெரியாதா?"

"மாமா, அது அம்மா இல்ல."

"நீ எப்டி சொல்ற?"

"எனக்குத்தான மாமா வர்றா, உங்களுக்கா வர்றா?" என்றாள். அவள் தரையில் உட்கார்ந்து, சுவரில் சாய்ந்துகொண்டு சொன்னாள்: "அம்மா வந்தா மேளம் கிட்ட வரும். எட்ட அடிக்கறது உள்ள வந்து அடிக்கும். உடம்பு பூரா மேளமாய்டும். இது அப்டி கெடயாது. கரன்ட் போனா மாதிரி. சத்தமே இல்ல. ஆடியிலயும் அப்டித்தான். மேளம் டப்புனு நின்னுட்ச்சு, அப்பறம் பாத்தா தரையில கெடக்கறேன். இன்னிக்கு ரெண்டு நிமிஷம் முன்னாடி வந்திருந்தா, ஜிஎஸ்டி ரோட்ல லாரிக்கு அடியில போயிருப்பேன். திரும்பிப் போற வழி, வண்டியில ஆளு இல்ல. போற வழியில வந்திருந்தா? பதினாலு பேரு, மாமா. அதுல நாலு பேரு புள்ளைக்குப் பால் குடுத்துட்டு ஏறினவளுங்க."

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். ஊர் முழுக்கக் கும்பிடத் தயாராக இருந்த ஒன்றை, இது அதுவல்ல என்று அவளால் சொல்ல முடிந்தது. அந்தச் சாமியை அவள் நம்பாமல் இல்லை. நம்பியதால்தான் சொல்ல முடிந்தது. பல ஆண்டுகளாகப் பல புத்தகங்கள் படித்திருக்கிறேன். இவ்வளவு நேர்மையான ஒரு வாக்குமூலத்தை நான் எழுதவும் இல்லை, படிக்கவும் இல்லை.

முதலில் போன சின்ன கிளினிக்கில் ஈசிஜி எடுத்தார்கள், சரியாக இருந்தது. வீக்னஸ், பிபி கம்மி என்று ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றி அனுப்பினார்கள். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றவள் அவள்தான். "விழறப்ப எடுத்தா தெரியும், நின்னுகினு இருக்கறப்ப எடுத்தா இன்னா தெரியும்? வண்டி ரிப்பேரும் அப்டித்தான், மெக்கானிக் வந்து நின்னா சத்தம் வராது," என்றாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் இதய டாக்டர் ஒரு பெண்மணி. அவரும் ஏறக்குறைய அதையே சொன்னார். ஒரு முழு நாளுக்கு இதயத்துடிப்பைப் பதிவு செய்யும் சின்னப் பெட்டி ஒன்றை மார்பில் ஒயர்களோடு ஒட்டி அனுப்பினார். அதை மாட்டிக்கொண்டே அவள் சமைத்தாள், மாட்டுக்குத் தண்ணீர் காட்டினாள், ஓடாமல் நிற்கும் வேனின் கண்ணாடியைத் துடைத்தாள். மறுநாள் டாக்டர் அந்தப் பதிவை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். இதயத்தின் மேலறையில் ஒரு சிறு இடம் தாளம் போடுகிறது. அந்தத் தாளம் ஒரு குறுகிய வழியாகக் கீழறைக்கு இறங்கினால்தான் கீழறை சுருங்கி ரத்தத்தைத் தள்ளும். அந்த வழி இவளுக்கு அவ்வப்போது அடைத்துக்கொள்கிறது. காகிதத்தில் மேல் தாளத்தின் சின்னச் சின்ன மேடுகள் ஒழுங்காக வந்துகொண்டிருந்தன. அவற்றின் கூடவே வர வேண்டிய பெரிய மேடுகளைக் காணோம். கொஞ்ச தூரத்துக்கு அவை இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கோடு.

"இந்த இடத்துல உங்களுக்கு என்ன பண்ணுச்சு?" என்று டாக்டர் கேட்டார்.

"உக்காந்துகினு இருந்தேன். லேசா சத்தம் கம்மியாச்சு."

"மேளம் நின்னுது," என்றேன் நான். டாக்டருக்கு விளங்கவில்லை. அவள் ஆடி மாதத்துக் கதையைச் சொன்னாள். டாக்டர் சிரிக்கவில்லை. கவனமாகக் கேட்டுவிட்டு, "நீங்க சொன்னது ரொம்ப சரி. மேல அடிச்சுக்கிட்டேதான் இருக்கு. உங்களுக்குத்தான் வந்து சேரல," என்றார்.

பேஸ்மேக்கர் வைக்க வேண்டும் என்பது அன்றே முடிவாகிவிட்டது. ஆனால் டாக்டருக்கு இன்னொரு கேள்வி இருந்தது. நாற்பதைத் தொட்ட பெண். சர்க்கரை இல்லை, பரம்பரையில் இதய நோய் இல்லை. ஏன் இந்த வழி அடைக்க வேண்டும்? பேசிக்கொண்டிருந்த நேரத்துக்குள் என் மனைவி பாட்டிலைத் திறந்து மூன்றாவது முறை தண்ணீர் குடித்தாள். டாக்டர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்பவும் இப்படித்தான் குடிப்பீங்களா?"

"வாய் காஞ்சிடும் டாக்டர். பேச முடியாது."

"கண்ணு?"

"உறுத்தும். வண்டி ஓட்டறதால தூசுன்னு வுட்டுட்டேன்."

"கை மூட்டெல்லாம் காலையில வலிக்குமா?" என்று கேட்டு, அவள் தலையசைத்ததும் சற்று நிறுத்தி, "அழுதா கண்ணீர் வருமா?" என்றார்.

நான் அவளைப் பார்த்தேன். அவள் மேசையைப் பார்த்தாள்.

"எங்கப்பா செத்தன்னிக்கே வரல, டாக்டர்."

அடுத்த அறையில் அதைச் சோதித்தார்கள். குறுகலான ஒரு காகிதத் துண்டின் நுனியை மடித்துக் கீழ் இமைக்குள் செருகி, கண்ணை மூடி இருக்கச் சொன்னார்கள். நல்ல கண்ணாக இருந்தால் காகிதம் பாதிவரையாவது நனைந்துவிடுமாம். எடுத்தபோது அது செருகிய நுனியைத் தவிர அப்படியே காய்ந்திருந்தது. என் மனைவி அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"இத நான் எடுத்துனு போவலாமா?"

"எதுக்கும்மா?" என்றார் நர்ஸ்.

"எங்க அத்தைக்குக் காட்டணும்."

கண்ணில் வைத்ததைத் தர முடியாது என்றார்கள். போனில் படம் எடுத்துக்கொள்ள விட்டார்கள். வெளியே வராந்தாவில் நின்றபடியே அதை அத்தைக்கு வாட்ஸப்பில் அனுப்பி, கூடவே குரலும் பதிந்தாள்: "அத்த, இதான் என் கண்ணீரு. பாத்துக்க. எனக்கு மனசு கல்லு இல்ல, கண்ணுல தண்ணி ஊறல. டாக்டர் பேப்பர் வெச்சுப் பாத்துட்டாங்க." அரை மணி நேரம் கழித்து அத்தையின் குரல் வந்தது: "இன்னாடி இது, வெறும் பேப்பர அனுப்பிகீற?"

ரத்தப் பரிசோதனை வந்ததும் மூட்டுவாத டாக்டர் ஒருவரையும் சேர்த்துக்கொண்டு இதய டாக்டர் எங்களை உட்கார வைத்து விளக்கினார். கிருமி நுழைந்தால் அதை அடையாளம் கண்டு போய் ஒட்டிக்கொள்ளும் எதிர்ப்பொருள்களை நம் ரத்தமே தயாரிக்கிறது. சிலருடைய உடம்பில் அவை ஆள் தெரியாமல் சொந்த உறுப்புகள்மேலேயே திரும்புகின்றன. தன்னெதிர்ப்பு நோய் என்று பெயர். இவளுக்குக் கண்ணீரும் எச்சிலும் சுரக்கும் சுரப்பிகள்மேல் திரும்பியிருக்கின்றன. அதே எதிர்ப்பொருள்கள் இதயத்தின் அந்தக் குறுகிய வழியையும் தொட்டிருக்கலாம்.

"நம்ம உடம்பே நம்மள அடிக்குதா?" என்று கேட்டாள்.

"ஒரு வகையில அப்படித்தான்."

"புரியுது டாக்டர். எங்க சொந்தக்காரங்க மாதிரி."

இரண்டு டாக்டர்களும் சிரித்துவிட்டார்கள். பிறகு இதய டாக்டர் எங்கள் மகன் பிறந்தபோது அவன் இதயத்தில் ஏதாவது கோளாறு இருந்ததா என்று விசாரித்தார். இல்லை, அவன் இப்போது ஹாஸ்டலில் படிக்கிறான், நன்றாக ஓடுவான் என்றேன். "நல்லது," என்றார். "கர்ப்பிணியோட ரத்தத்துல இந்த எதிர்ப்பொருள் இருந்தா, வயித்துல இருக்கற குழந்தையோட இதயத்துல இதே வழி பாதிக்கப்படலாம். எல்லாக் குழந்தைக்கும் இல்ல, சில குழந்தைக்கு. அது நல்லாத் தெரிஞ்ச விஷயம். பெரியவங்களுக்கு நேரா அப்படிப் பண்ணுமான்னு இன்னும் ஆராய்ச்சி நடந்துக்கிட்டுதான் இருக்கு. உங்களுக்கு இதுதான் காரணம்னு நான் எழுதித் தர முடியாது. இருக்கலாம்னுதான் சொல்ல முடியும்."

அந்த 'இருக்கலாம்' எனக்குப் பிடித்திருந்தது. என் தொழிலில், வடக்கே ஓடை இருப்பதாகச் சொல்லப்படுகிறது என்று எழுதுவதும் வடக்கே ஓடை என்று எழுதுவதும் ஒன்றல்ல. அன்று முதல் இதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். படித்தவரையில் டாக்டர் நின்ற இடத்திலேயேதான் அறிவியலும் நிற்கிறது. சிலருடைய இதயத் தாளக் கோளாறுக்குப் பின்னால் இந்த எதிர்ப்பொருள்கள் இருக்கக்கூடும் என்கிறார்கள். யாருக்கு, எவ்வளவு என்பதில் தயங்குகிறார்கள்.

ஐப்பசி மழை தொடங்கியபோது இடது காறை எலும்புக்குக் கீழே பேஸ்மேக்கரை வைத்துத் தைத்தார்கள். கீழறை தானாகத் துடிக்காத நேரத்தில் மட்டும் அது தூண்டிவிடும். ஸ்டீராய்டு மாத்திரையும், தன்னெதிர்ப்பைத் தணிக்கும் வேறொரு மாத்திரையும், கண்ணுக்குச் சொட்டு மருந்தும் கொடுத்தார்கள். "சொந்த வண்டி கொஞ்ச நாள்ல ஓட்டலாம். ஆளுங்க ஏத்தற வண்டிக்கு நான் பாத்து எழுதித் தர்ற வரைக்கும் வேண்டாம்," என்றார் டாக்டர். "நீங்க சொல்றதுக்கு முன்னயே சாவியக் குடுத்தாச்சு," என்றாள் அவள்.

அந்த மாதங்களில் சாவி என்னிடம் இருந்தது. கூலிக்கு வந்த ஓட்டுநர் விடியற்காலையில் வந்து என்னிடம் வாங்கிக்கொண்டு போய், வேலை முடிந்ததும் என்னிடமே திருப்பிக் கொடுப்பார். என் மனைவி வாசலில் நின்று வண்டி திரும்பும் சத்தத்தைக் கேட்பாள். "செகண்ட்ல போட வேண்டியத தேர்டுல இழுக்கறான் பாரு, எஞ்சின் அழுவுது," என்பாள். ஒரு நாளும் சாவியைக் கேட்கவில்லை. ஸ்டீராய்டில் முகம் உப்பியது. "நல்லா பூசினாப்ல ஆயிட்டியே," என்றவர்களிடம், "மாத்திரைக்காரன் வூட்டு சாப்பாடு," என்றாள். வண்டியில் எப்போதும் முன்சீட்டில் உட்காரும் மூத்த தொழிலாளி அக்கா ஒருவர் உண்டு. வாரத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு வந்து, புது ஓட்டுநர் போடும் பாட்டின் சத்தத்தைப் பற்றியும் பிரேக் பிடிக்கும் லட்சணத்தைப் பற்றியும் புகார் சொல்லிவிட்டு, "நீ எப்ப வர்ற?" என்று கேட்பார். "எழுதிக் குடுக்கட்டும், வர்றேன்," என்பதுதான் அவள் பதில்.

மாசியில் அவள் அப்பாவின் முதல் வருஷத் திதிக்கு மாமல்லபுரம் போனோம். படையல் போட்டுக் கற்பூரம் காட்டும் நேரத்துக்குச் சற்று முன்பு அவள் தோட்டத்துப் பக்கம் போய்ச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு வந்தாள். அன்று அதிகமாக அழுத்திவிட்டாளோ என்னவோ, நிறைய விழுந்து கன்னத்தில் வழிந்தது. அப்பாவின் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அத்தை அருகில் வந்து அவள் முகத்தைத் தன் முந்தானையால் துடைத்தார்.

"இப்பவாச்சும் வந்துச்சேடி," என்றார், தானும் அழுதுகொண்டே.

மருந்து என்று அவள் சொல்லவில்லை. அத்தையின் தோளில் சாய்ந்துகொண்டாள். பஸ்ஸில் திரும்பும்போது, "பாவம், கெழவிக்கும் மனசு ஆறட்டும்," என்றாள்.

மறுவாரம் டாக்டர் பேஸ்மேக்கரைச் சோதித்தார். உள்ளே பதிவாகியிருந்ததைப் படித்துவிட்டு, அது வேலை செய்ய வேண்டி வந்த நேரம் ஆரம்பத்தைவிட நன்றாகக் குறைந்திருக்கிறது என்றார். அந்த வழி பெரும்பாலும் திறந்தே இருக்கிறது. மாத்திரையால் இருக்கலாம், தானாகவும் இருக்கலாம். எதுவானாலும் அடைத்தால் தாங்க ஆள் இருக்கிறது என்று அவள் மார்பைச் சுட்டினார். ஆட்களை ஏற்றும் வண்டியை ஓட்டலாம் என்று எழுதிக் கொடுத்தார். உரிமம் சம்பந்தப்பட்ட அலுவலகத்திலும் அந்தக் காகிதத்தைக் காட்டி, அவர்கள் டாக்டரும் பார்த்து, எல்லாம் முறைப்படி முடிந்தது.

அன்று நான் சாவியைத் திருப்பிக் கொடுத்தேன். உடனே பெண்களை ஏற்றவில்லை அவள். ஞாயிற்றுக்கிழமை என்னை மட்டும் ஏற்றிக்கொண்டு திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போய், கடற்கரைச் சாலையில் திருப்பி, கோவளம் வரை ஓட்டினாள். சீட் பெல்ட்டைப் போட்டதும், "பாரு, நமக்கு ஸ்டீயரிங் வலப்பக்கம். பெல்ட்டு வலது தோள்ல வருது. பொட்டி மேல படல. ஆண்டவன் யோசிச்சுத்தான் வெச்சுகீறான்," என்றாள். கோவளத்தில் வண்டியை நிறுத்தி மீன் வறுவல் வாங்கினோம். காரத்தில் தண்ணீரை மடமடவென்று குடித்தாள். ஆண்டாண்டாக நான் அவளை ஓட்டுநர் இருக்கையில் பார்த்திருக்கிறேன். அன்று பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோதுதான் ஒரு பாட்டை முழுதாகக் கேட்பதுபோல் அவள் கியர் மாற்றுவதைக் கேட்டேன்.

திங்கள்கிழமைதான் உண்மையான சோதனை. முந்தைய நாள் அண்ணன் வந்து, "மார்ல பொட்டி கீதுன்னு ஒருத்திகிட்டயும் சொல்லாத. வீட்டுக்காரன்லாம் பயந்து அனுப்ப மாட்டான். வண்டி காலியாத்தான் நிக்கும்," என்று எச்சரித்திருந்தார். அவர் நினைத்தது தப்பில்லை. ஒன்றிரண்டு வீடுகளில் ஏற்கெனவே அப்படிப் பேச்சு இருந்தது.

விடியற்காலையில் ஏரிக்கரை ஓரம் பெண்கள் வந்து ஏறினார்கள். என் பஸ்ஸுக்கு நேரமாகியும் நான் அங்கேயே நின்றேன். எல்லோரும் உட்கார்ந்த பிறகு அவள் எஞ்சினைப் போடாமல் இருக்கையில் திரும்பி உட்கார்ந்தாள்.

"ஒரு நிமிஷம் எல்லாம் கேளுங்க. ஆடியில கோயில்ல விழுந்தனே, அது சாமி இல்ல. இதயம் நின்னு நின்னு போயிருக்குது. அப்பறம் சிங்கப்பெருமாள் கோயில்ல ஒரு தபா. அதுக்குத்தான் இத்தினி மாசம் வரல. இப்ப இங்க மிஷின் வெச்சுகீது," என்று தோளுக்குக் கீழே தொட்டுக் காட்டினாள். "டாக்டர் ஓட்டலாம்னு எழுதிக் குடுத்துட்டாங்க. காயிதம் தோ, கண்ணாடிகிட்ட ஒட்டிகீது. பயமா இருக்கறவங்க எறங்கிக்கலாம். நான் தப்பா நெனைக்க மாட்டேன். வேற வண்டி சொல்லித் தரேன்."

பின் வரிசையில் ஒரு பெண் பையை மடியில் இழுத்துக்கொண்டாள். எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. அவளுடையதுகூட அப்படி அடித்திருக்காது.

முன்சீட்டு அக்கா தொண்டையைக் கனைத்தார். "உனக்காச்சும் உள்ள மிஷின் கீது. அந்தக் கூலி டிரைவருக்கு ஒண்ணுமே இல்லாமத்தான் இத்தினி மாசமா எங்கள இட்டுனு போனான். பேசாத, எடு வண்டிய. லேட்டானா அரை நாள் சம்பளம் புடிப்பான், உன் டாக்டரா தருவாங்க?"

சிரிப்பு வெடித்தது. பையை இழுத்துக்கொண்ட பெண் அதைத் திரும்பக் காலடியில் வைத்தாள். என் மனைவி முன்புறம் திரும்பி, கண்ணுக்கு ஒரு சொட்டு மருந்து விட்டு, தண்ணீர் குடித்து, பாட்டிலை வழக்கம்போல் அக்காவின் கையில் கொடுத்தாள். முதல் கியரில் வண்டி அலுங்காமல் நகர்ந்தது. ஏரிக்கரை வளைவில் இரண்டு முறை ஹார்ன் அடித்தாள்; அது எனக்கு. வண்டி திரும்பி மறைந்த பிறகுதான் என் பஸ் போய்விட்டது தெரிந்தது. அடுத்த பஸ் வரும்வரை அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். அன்று எனக்குப் போவதற்கு அவசரமில்லை.